உள்ளூர் சபையில் வாலிபர் ஊழியம்: தலைமையும் வளங்களும்

திடப்படுத்தல் ஆராதனைக்கும் திருமண ஆராதனைக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் சபையின் பிள்ளைகளை விசுவாசத்தில் ஊன்றச் செய்வதும், சபையின் பொறுப்புகளைப் படிப்படியாக அவர்கள் கையில் ஒப்படைப்பதும் வாலிபர் ஊழியத்தின் வேலை. தமிழ்நாட்டுப் புரொட்டஸ்டண்ட் சபைகளில் இந்தக் காலம் பதினான்கு, பதினைந்து வயதில் தொடங்கிச் சிலருக்கு முப்பதைத் தாண்டியும் நீள்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கும் பெண்ணும், கப்பல் வேலையிலிருந்து விடுப்பில் வந்திருக்கும் இருபத்தெட்டு வயதுக்காரரும் ஒரே வாலிபர் ஐக்கியத்தின் உறுப்பினர்கள். இருவருக்கும் ஒரே பாடம், ஒரே கூட்டம் என்று வைத்தால் யாராவது ஒருவர் வராமல் நின்றுவிடுவார். பதினெட்டு வயதுக்குக் கீழே ஒரு குழு, மேலே ஒரு குழு என்று பிரிப்பதுதான் எந்தச் சபையும் செய்யக்கூடிய முதல் சீர்திருத்தம். அதற்குப் பணம் தேவையில்லை. இன்னும் ஒரு பொறுப்பாளர் இருந்தால் போதும்.

ஊழியத்தின் வடிவம் இடத்துக்கு இடம் மாறும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 44 லட்சம் பேர், அதாவது மக்கள்தொகையில் 6.12 சதவீதம். கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் அது 46.85 சதவீதம். தென் மாவட்டங்களில் தெருவே சபையாக இருக்கும் ஊர்கள் உண்டு. அங்கே வாலிபர் ஐக்கியம் என்பது ஏறக்குறைய ஊர் இளைஞர் மன்றம். வட மாவட்டங்களில் ஐந்தாறு குடும்பங்கள் கூடும் சபையில் வாலிபர் மூன்று பேர் இருந்தால் அதிகம். அவர்களுடைய நண்பர்கள் எல்லாரும் வேறு மதத்தினர். முதல் சபையில் சிக்கல், எல்லாரும் பழக்கத்தினால் மட்டுமே கிறிஸ்தவர்களாக இருந்துவிடுவது. இரண்டாவதில் சிக்கல் தனிமை. நகரச் சபைக்கு மூன்றாவது வகைக் கூட்டம்: விடுதி மாணவர்கள், ஐடி ஊழியர்கள், இரண்டு வருடத்தில் வேறு ஊர் போய்விடுவோர். ஒரே கையேட்டை இந்த மூன்று சபைகளுக்கும் அனுப்பி, ஒரே அறிக்கையை எதிர்பார்ப்பது திருமண்டல அலுவலகங்கள் கைவிட வேண்டிய வழக்கம்.

வரலாற்றில் இளைஞருக்கான கிறிஸ்தவ அமைப்பு முதலில் சபைக்கு வெளியேதான் வேர்விட்டது. 1844 ஜூன் 6 அன்று லண்டனில் துணிக்கடை ஊழியர் ஜார்ஜ் வில்லியம்ஸும் உடன் பணியாற்றிய இளைஞர்களும் கூடித் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ., 1890இல் டேவிட் மெக்கோனாகி வழியாகச் சென்னையில் நிலைகொண்டது. சபைக்குள்ளேயே இளைஞர் சங்கத்தை வைத்தவர் பிரான்சிஸ் கிளார்க் என்ற அமெரிக்கப் போதகர். 1881 பிப்ரவரி 2 அன்று மெய்ன் மாநிலத்தின் போர்ட்லண்டில் தம் சபையின் இளைஞரைக் கூட்டி அவர் தொடங்கிய கிறிஸ்டியன் எண்டெவர் சங்கம், மதுரை அமெரிக்கன் மிஷன் போன்றவற்றின் வழியே தமிழ்ச் சபைகளுக்கும் வந்தது. கிளார்க்கின் கருத்து எளியது: இளைஞருக்குப் பொழுதுபோக்குக் காட்டி வைத்திருக்க முடியாது, கடமை கொடுத்தால் நிற்பார்கள். ஆகவே ஒவ்வோர் உறுப்பினரும் உறுதிமொழி எடுத்தார். ஏதாவது ஒரு குழுவில் வேலை ஏற்றார். மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் அர்ப்பணிப்புக் கூட்டத்தில் பெயர் கூப்பிடும்போது எழுந்து சாட்சி சொன்னார். தலைவர், செயலர், பொருளாளர், குழுக்கள், மாதக் கூட்டம் என்று இன்றைய வாலிபர் ஐக்கியத்தில் காணும் அமைப்பு அந்தப் பழைய சங்கத்தின் சாயல்தான். பதவிகள் தங்கிவிட்டன, உறுதிமொழியும், பெயர் சொல்லிக் கேட்கும் கணக்கும் பெரும்பாலான இடங்களில் மறைந்துவிட்டன.

தமிழ்ச் சபை வரலாற்றில் இளைஞரின் கை எவ்வளவு நீண்டது என்பதற்கு வேதநாயகம் சாமுவேல் அசரியாவைவிடச் சிறந்த சான்று இல்லை. 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்த அவர், 1895இல் ஒய்.எம்.சி.ஏ. செயலரானார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் கடல் தாண்டித் தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பிவருவதைக் கண்டார். அடுத்த ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. அதன் பணிக்களம் நிஜாம் சமஸ்தானத்தின் தோர்ணக்கல். 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் உருவானபோது அதன் செயலராகவும் அவர் பொறுப்பேற்றார். முப்பத்தெட்டு வயதில், 1912 டிசம்பரில், ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அவர் சபையை மாற்றிய காரியங்களைத் தொடங்கியபோது, இன்றைய கணக்கில் வாலிபர் ஐக்கிய உறுப்பினர் வயதில்தான் இருந்தார். இன்று அதே வயதுக்காரரிடம் பல சபைகள் ஒப்படைப்பது ஸ்டார் கட்டும் வேலையையும் நாற்காலி போடும் வேலையையும்.

1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவான பிறகும், இளைஞர் முயற்சிகள் சபை அமைப்புக்கு வெளியே வேர்விடும் போக்கு தொடர்ந்தது. கல்லூரி மாணவரிடையே 1912 முதல் இருந்த எஸ்.சி.எம். என்னும் மாணவர் கிறிஸ்தவ இயக்கத்தோடு, 1954இல் இந்திய சுவிசேஷ மாணவர் ஐக்கியம் என்னும் யு.இ.எஸ்.ஐ. சேர்ந்தது. 1950களின் இறுதியில் விடுமுறை வேதாகமப் பள்ளிகளில் உழைத்த இளைஞர்கள் கூடி ஜெபித்த சிறு குழுக்களிலிருந்து ஃப்ரெண்ட்ஸ் மிஷனெரி பிரேயர் பேண்ட் பிறந்தது. 1970களின் தொடக்கத்தில் வேலூரில் பிளெஸ்ஸிங் யூத் மிஷன் தோன்றியது. இவற்றில் உழைத்தவர்களில் மிகப் பலர் சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் திடப்படுத்தல் பெற்றவர்கள். வேதத்தை ஆழமாகப் படிக்கவும், வட இந்தியக் கிராமங்களுக்குப் போகவும் அவர்களுக்கு வழிகாட்டியது அவர்களுடைய சொந்தச் சேகரம் (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுப்பு) அல்ல என்பது சபைகள் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி. இயக்கங்களைப் போட்டியாகப் பார்க்கும் போதகர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பார்வை சரியல்ல. இயக்கம் கல்லூரியின் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு மட்டுமே துணை வரும். ஞானஸ்நானம் முதல் அடக்கம் வரை உடன் இருப்பது சபை ஒன்றே. கல்லூரியில் வேத ஆராய்ச்சி நடத்தப் பழகிய இளைஞர் ஊருக்குத் திரும்பும்போது அவருக்கு ஒரு வகுப்பைக் கொடுக்கும் சபைக்கு, பயிற்சி பெற்ற ஆசிரியர் செலவின்றிக் கிடைக்கிறார்.

கத்தோலிக்க மரபு வேறு பாதையில் வந்தது. தொன் போஸ்கோவின் சலேசிய சபையினர் 1906இல் தஞ்சாவூரில் இறங்கி, பள்ளி, தொழிற்பயிற்சி, விளையாட்டு மைதானம் ஆகியவற்றின் வழியே இளைஞரை அணுகினர். பெல்ஜியக் குரு ஜோசப் கார்டைன் 1925இல் இளம் தொழிலாளருக்காகத் தொடங்கிய இயக்கத்தின் பார், ஆராய், செயல்படு என்ற முறை, இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தின் வழியாகத் தமிழகப் பங்குகளிலும் பழக்கமானது. ஊரில் நடப்பதைப் பார்ப்பது, அதை நற்செய்தியின் வெளிச்சத்தில் ஆராய்வது, பிறகு சிறிய அளவிலாவது ஏதேனும் செய்வது என்ற அந்த வரிசையைப் புரொட்டஸ்டண்ட் வாலிபர் கூட்டங்களும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். பாடல், பிரசங்கம், ஜெபம், டீ என்று முடியும் கூட்டத்தில் இளைஞருக்குப் பேசவே இடமில்லை.

தலைமை பற்றிய இன்றைய விவாதம் பெரும்பாலும் அமெரிக்க அனுபவத்திலிருந்து வருகிறது. அங்கே 1941இல் தொடங்கிய யங் லைஃப் போன்ற இயக்கங்களின் வெற்றியைக் கண்ட சபைகள், சம்பளம் கொடுத்துத் தனி வாலிபர் போதகரை அமர்த்தத் தொடங்கின. அரை நூற்றாண்டுக்குப் பின் அதன் விளைவைப் பலர் ஆராய்ந்தனர். சமூகவியலாளர்கள் கிறிஸ்டியன் ஸ்மித்தும் மெலிண்டா டென்டனும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, பதின்வயதினரின் விசுவாசத்தில் மற்ற யாரையும்விடப் பெற்றோரின் பாதிப்பே பெரியது என்று காட்டியது. ஃபுல்லர் இறையியல் கல்லூரியின் ஆய்வாளர்கள், ஒரு பெரியவருக்கு ஐந்து பிள்ளைகள் என்ற வழக்கமான கணக்கைத் தலைகீழாக்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரைப் பெயர் சொல்லி அறிந்த ஐந்து பெரியவர்கள் சபையில் வேண்டும் என்றனர். வாலிபர் ஊழியம் பற்றி எழுதிய மார்க் டிவ்ரீஸ் நிலைத்து நிற்கும் ஊழியத்துக்குச் சொன்ன அளவு, சுமார் ஐம்பது இளைஞருக்கு ஒரு முழுநேர ஊழியர், ஐந்து பேருக்கு ஒரு பெரியவர் என்பது. திறமையான ஒருவரை அமர்த்திவிட்டு மற்றவர் ஒதுங்கிக்கொள்ளும் ஏற்பாடு, அவர் வேறு சபைக்குப் போனதும் சரிந்துவிடுகிறது என்பதே இவர்கள் அனைவரும் வெவ்வேறு வழியில் சொன்னது.

தமிழ்ச் சபைக்கு இது நல்ல செய்தி. முழுநேர வாலிபர் போதகரை வைக்கும் வசதி பெருநகரங்களின் சில பெரிய சபைகளுக்கும் சில பெந்தெகொஸ்தே சபைகளுக்கும் மட்டுமே உண்டு. திருமண்டலத்தில் வாலிபர் பணிக்கென்று ஓர் இயக்குநர் இருப்பார். அவர் பொறுப்பில் எல்லாச் சேகரங்களும் இருக்கும். ஆனால் வீட்டில் மாலை ஜெபம் நடத்தும் பாட்டிகளும், ஞாயிறு தவறாமல் ஆலயத்தில் இருக்கும் ஆசிரியர்களும், ஓய்வுபெற்ற செவிலியர்களும் இங்கே குறைவில்லாமல் இருக்கிறார்கள். வாலிபர் ஊழியத்தின் முதல் வளம் இவர்கள்தான். இவர்களில் இருவரோ மூவரோ ஆலோசகராகப் பொறுப்பேற்று ஐந்தாண்டு விலகாமல் நின்றால், வேறு எதுவும் இல்லாவிட்டாலும் ஊழியம் நடக்கும். அப்படி யாரும் இல்லையென்றால் ஒலிபெருக்கியும் முகாமும் எவ்வளவு இருந்தாலும் கூட்டம் நிலைக்காது.

சேகரகுருவின் நிலை கடினமானது. ஒரு சேகரத்தில் பல கிராமச் சபைகள். ஞாயிறு காலையில் மட்டும் இரண்டு மூன்று ஆராதனைகள். வாரம் முழுக்கக் கல்யாணம், அடக்கம், பள்ளி நிர்வாகம். சில ஆண்டுகளில் இடமாற்றம். அவரே வாலிபர் கூட்டத்தையும் நடத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. ஆனால் அவர் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு, அது திடப்படுத்தல் வகுப்பு. சபையின் எல்லாப் பதின்வயதினரும், கூட்டத்துக்கே வராத பிள்ளைகளும்கூட, பெற்றோர் வற்புறுத்தலால் வந்து உட்காரும் ஒரே இடம் அது. பல சேகரங்களில் சில வாரங்கள் விசுவாசப் பிரமாணமும் பத்துக் கட்டளைகளும் மனப்பாடமாகி, வெள்ளை உடையில் பேராயர் முன் முழந்தாளிட்டு, புகைப்படம் எடுத்து முடிகிறது. முதல் இராப்போஜனத்தன்று வரிசையில் நின்ற பிள்ளைகளை அடுத்த ஜூன் மாதத்தில் தேடினால் பாதிப் பேரைக் காணோம். வகுப்பைச் சில மாதங்களுக்கு நீட்டி, வாலிபர் ஆலோசகர் ஒருவரை முதல் நாளிலிருந்தே துணை ஆசிரியராக உட்காரவைத்து, திடப்படுத்தலுக்குப் பின்வரும் ஞாயிறு முதல் அதே பிள்ளைகளை அதே ஆசிரியர் தொடர்ந்து நடத்தினால் இந்த இழப்பின் பெரும்பகுதியைத் தடுக்கலாம். வகுப்பு முடிவதும் குழு தொடங்குவதும் தனித்தனி நிகழ்ச்சிகளாக இருக்கக்கூடாது.

தலைமைக்குள் புகுந்து ஊழியத்தைக் கெடுக்கும் மூன்று காரியங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலாவது தேர்தல். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் சபைத் தேர்தல்களில் அணிகள் மோதும்போது, வாக்குச் சேகரிக்கவும் வண்டி ஓட்டவும் வாலிபரைப் பயன்படுத்துகிறார்கள். சபையைப் பற்றி அவர்கள் கற்கும் முதல் பாடம் அதுவாகிவிடுகிறது. வாலிபர் பொறுப்பாளர் எந்த அணியின் மேடையிலும் ஏறக்கூடாது என்று சேகரக் கமிட்டி தீர்மானமே போட்டு வைக்கலாம்.

இரண்டாவது, பெண்களின் இடம். தென்னிந்தியத் திருச்சபை பெண்களைக் குருவாக அபிஷேகம் செய்கிறது. 2013இல் நந்தியால் திருமண்டலத்தில் புஷ்பலலிதா அந்தத் திருச்சபையின் முதல் பெண் பேராயரானார். ஆனால் உள்ளூரில் வாலிபர் செயலர் என்றால் ஆண்தான். கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு வைத்தால் பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்பமாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். இருந்தும் எட்டு மணிக்கே வைக்கிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு நடக்கும்படி கூட்டத்தை மாற்றி, செயலர் ஆணானால் இணைச் செயலர் பெண், அடுத்த முறை மாறி என்று விதி செய்த இடங்களில் பெண்களின் வருகை கூடுவது இயல்பு.

மூன்றாவது சாதி. தமிழ்ச் சபைகளில் அது கல்லறைத் தோட்டம் வரை பிரித்திருக்கிறது. ஒரே சேகரத்தின் இரண்டு தெருப் பிள்ளைகள் ஒரே ஓய்வுநாள் பள்ளியில் படித்தும், கலந்து உட்கார்ந்து சாப்பிடாத ஊர்கள் உண்டு. வாலிபர் முகாமில் மூன்று நாள் ஒரே அறையில் தூங்கி, ஒரே பந்தியில் உண்டு, ஒருவர் தட்டை ஒருவர் கழுவும் பழக்கம் அங்கே பிரசங்கத்தைவிட வலிமையானது. கலப்புத் திருமணம் பற்றிய கேள்வி இளைஞரிடமிருந்து வரும்போது ஆலோசகர் நழுவினால், சபை சொல்லும் சகோதரத்துவத்தை அவர்கள் நம்பமாட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் மௌனம் காக்கும் வாலிபர் ஊழியம், எத்தனை பேர் வந்தாலும், தன் வேலையைச் செய்யவில்லை.

கற்பிப்பதற்கு வருவோம். சபைகளில் வாசிக்கப்படும் தமிழ் வேதாகமம் 1871இல் ஹென்றி பவர் குழு முடித்த மொழிபெயர்ப்பின் வழிவந்தது. அதன் கம்பீரத்தைப் பெரியவர்கள் நேசிப்பதில் நியாயம் உண்டு. ஆங்கில வழியில் படிக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அதன் வடமொழிச் சொற்கள் பாதி புரிவதில்லை. கத்தோலிக்கரும் புரொட்டஸ்டண்டுகளும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் வாசிக்கச் செய்யும் குழுவில், பொருளும் விளங்குகிறது, பழைய மொழியின் மேல் மதிப்பும் வளர்கிறது. வேத வினாவிடைப் போட்டிகள் பெயர்களையும் எண்களையும் பதிய வைக்கின்றன. ஆனால் மாற்கு நற்செய்தியைப் பத்து வாரத்தில் அதிகாரம் அதிகாரமாக எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து படிப்பதற்கு அவை ஈடாகா.

கேள்விகளுக்கு இடம் தருவது கற்பித்தலின் மறுபாதி. பரிணாமம், துன்பம், பிற மத நண்பர்கள், காதல், குடி, ஆபாசப் படம், நீட் தோல்வி, வேலையின்மை என்று இளைஞர் மனத்தில் இருப்பவற்றைச் சீட்டில் பெயரின்றி எழுதிப் பெட்டியில் போடச் சொல்லி, மாதத்துக்கு ஒரு கூட்டத்தை அவற்றுக்கே ஒதுக்கலாம். எல்லாவற்றுக்கும் ஆலோசகருக்கு விடை தெரிய வேண்டியதில்லை. சபையில் ஒரு மருத்துவரும் ஓர் அறிவியல் ஆசிரியரும் ஒரு வழக்கறிஞரும் இருப்பார்கள். அவர்களை அழைப்பதும் வளம் திரட்டுவதுதான். மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ தெரியும்போது ஜெபத்தோடு நிறுத்தாமல், தகுந்த மருத்துவரிடம் அன்றே அழைத்துச் செல்ல வேண்டும்.

பாடல் தமிழ் வாலிபர் கூட்டத்தின் உயிர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் தொடங்கி, அருள்தந்தை பெர்க்மான்ஸின் பாடல்கள் வரை ஒரே மேடையில் ஒலிக்கின்றன. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய பறட்டை எனப்பட்ட தியாப்பிலஸ் அப்பாவு, பறையையும் கிராமத்து மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட இசை பீடத்தின் முன் ஒலித்தது சிறிய மாற்றமல்ல. கீபோர்டு வாசிப்பவரையும் டிரம்ஸ் அடிப்பவரையும் வைத்துக் குழுவை அளக்கும் பழக்கம் வருந்தத்தக்கது. இசைக்கருவி வாங்கும் பணத்தில் ஒரு பகுதியையாவது, ஊர்ப் பிள்ளைகள் இருவர் முறையாக இசை கற்கச் செலவிட்டால் பத்தாண்டுக்குப் பயன்தரும்.

இனிப் பணம். தமிழ்நாட்டின் பெரும்பாலான வாலிபர் ஐக்கியங்களுக்கு ஆண்டின் முக்கிய வருமானம் டிசம்பர் கேரல் ரவுண்ட்ஸ். டிசம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து இரவு ஏழு மணிக்குக் கிளம்பி, லோடு ஆட்டோவில் ஜெனரேட்டரும் ஸ்பீக்கரும் ஏற்றி, கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்ட ஒருவரை முன்னே விட்டு, வீடு வீடாகப் போகிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பாட்டு, ஒரு வசனம், ஒரு ஜெபம், கேக்கோ முறுக்கோ, பிறகு கவரில் காணிக்கை. நோயில் படுத்திருக்கும் பெரியவர் கட்டிலருகே இளைஞர்கள் நின்று பாடும் அந்த ஐந்து நிமிடம், ஆண்டு முழுக்க எந்தக் கூட்டமும் தராத ஊழியப் பயிற்சி. நள்ளிரவு தாண்டிக் கடைசி வீட்டை முடிக்கும்போது தொண்டை கட்டியிருக்கும். பொருளாளர் தெருவிளக்கின் கீழே கவர்களை எண்ணிக் கொண்டிருப்பார். அந்தப் பணத்தில் ஆட்டோ வாடகை, சாப்பாடு, சீருடை போக எஞ்சியதுதான் அடுத்த ஆண்டு முழுமைக்கும்.

இந்த ஏற்பாட்டின் குறை, காணிக்கை தந்தவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் போவதும், சபையின் வரவுசெலவுத் திட்டத்தில் வாலிபருக்கென்று ஒரு வரிகூட இல்லாமல் இருப்பதும். கூரை பழுதுக்கும் பண்டிகைப் பந்தலுக்கும் கமிட்டி பணம் ஒதுக்குகிறது. வாலிபர் தங்களுக்குத் தாங்களே தேடிக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிடுகிறது. சபை எதைத் தன் வேலையாகக் கருதுகிறது என்பதை வரவுசெலவுத் திட்டமே காட்டிக்கொடுக்கும். சிறிய தொகையானாலும் சபை நிதியிலிருந்தே ஒதுக்கி, கேரல் காணிக்கையையும் சபைக் கணக்கில் வரவு வைத்து ரசீது கொடுத்து, சபைத் தணிக்கையாளரிடம் காட்டுவதே முறை. தனிநபர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலோ ஜிபே எண்ணிலோ வாலிபர் பணம் சேர்ந்தால், நேர்மையான பொருளாளருக்கும் அவப்பெயர் வரும்.

செலவில் முதலிடம் ஆட்களுக்கான பயிற்சிக்கு. ஆலோசகர் இருவரை ஆண்டுக்கு ஒருமுறை திருமண்டலப் பயிற்சிக்கோ ஸ்கிரிப்சர் யூனியன் போன்ற அமைப்பின் முகாமுக்கோ அனுப்புவது, ஓர் இரவு இசை நிகழ்ச்சியின் செலவில் சிறு பகுதிதான் ஆகும். அடுத்து, வசதியற்ற பிள்ளைகளின் முகாம் கட்டணம். கட்டணம் கட்ட முடியாதவர் யாரென்று மற்றவருக்குத் தெரியாதபடி அதைச் செய்ய வேண்டும். பிறகு புத்தகம், அச்சுப் பாடம். இடம் ஏற்கனவே இருக்கிறது. பெரும்பாலான சேகரங்களில் ஆலயத்தோடு ஒரு பள்ளிக் கட்டடமும் உண்டு, சனி மாலையில் அது சும்மா கிடக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் கொடுக்கும் நன்கொடையில் எச்சரிக்கை தேவை. இந்தியக் குடியுரிமை உள்ளவர் துபாயிலிருந்து தம் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர் அல்லது அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், அவர் இதே ஊரில் பிறந்தவரானாலும், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும். 2020 திருத்தத்துக்குப் பின், பதிவுபெற்ற அமைப்பும் புதுடில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையின் கணக்கில்தான் அதைப் பெற வேண்டும். பெற்றதை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. ஸ்பீக்கர் வாங்க வந்த நல்லெண்ணப் பணம் சேகரத்தையே வழக்கில் மாட்டிவிடக்கூடும்.

பிள்ளைகளின் பாதுகாப்பு இன்னும் பல சபைகளில் பேசப்படாத பொருள். 2012 போக்சோ சட்டத்தின்படி பதினெட்டு வயது நிறையாத எவரும் குழந்தை. மத நிறுவனத்தின் நிர்வாகத்தில் அல்லது பணியில் இருப்பவர் அந்த நிறுவனத்தில் உள்ள குழந்தையிடம் செய்யும் பாலியல் குற்றத்தைச் சட்டம் கடுமையான வகையில் சேர்க்கிறது. குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பாளர் தமக்குக் கீழுள்ளவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. சபையின் மானம் போகும் என்று சொல்லி இரு குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசி முடிப்பது சட்டப்படி குற்றம். பாதிக்கப்பட்ட பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது கொடுமையும் அதுவே. நடைமுறை எளிது. எந்தப் பெரியவரும் பூட்டிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியே இருப்பதில்லை. முகாமுக்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம், பெண் பிள்ளைகள் வந்தால் பெண் பொறுப்பாளர், இரவில் தனித்தனித் தங்கும் இடம். ஆலோசகர் பிள்ளைகளுக்குத் தனியாக நள்ளிரவில் வாட்ஸ்அப் செய்தி அனுப்புவதில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் கூட்ட அறைச் சுவரில் எழுதப்பட்டிருக்கும். கேரல் இரவுகளிலும் இதே விதிகள் பொருந்தும். லோடு ஆட்டோவின் பின்னால் தொங்கிக்கொண்டு வரும் பிள்ளைகளின் உயிரும் சபையின் பொறுப்பு.

தென் மாவட்டச் சபைகளின் இன்னொரு கவலை இடப்பெயர்வு. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த ஜூன் மாதத்தில் பிள்ளைகள் சென்னை, கோவை, பெங்களூரு என்று போய்விடுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கும் அசனப் பண்டிகைக்கும் மட்டும் திரும்புகிறார்கள். கிராமச் சபை அவர்களை இழந்ததாகவும், நகரச் சபை அவர்களை விருந்தாளிகளாகவும் கருதுவதால், இரண்டுக்கும் நடுவில் பலர் காணாமல் போகிறார்கள். ஊரை விட்டுப் போகும் முன்பே, போகும் ஊரில் உள்ள சபையின் போதகரையோ கல்லூரி ஐக்கியத்தையோ தொலைபேசியில் பேசி அறிமுகம் செய்து, முதல் மாதத்தில் ஆலோசகர் ஒருமுறை அழைத்து விசாரிக்கும் வழக்கம் பெரிய பயன்தரும். நகரச் சபைகளின் பக்கமிருந்து, விடுதி மாணவர் இருவரை ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அழைக்கும் குடும்பங்களின் பட்டியல் ஒன்று வேண்டும். தேவாலயப் படிக்கட்டில் கைகுலுக்கும் வரவேற்புக் குழுவைவிட அந்தச் சாப்பாட்டு மேசையே அவர்களைச் சபையில் நிறுத்தும்.

ஊழியம் நடக்கிறதா என்பதை எப்படி அளப்பது? வாலிபர் ஞாயிறன்று பீடத்தில் எத்தனை பேர் நின்றார்கள், முகாமுக்கு எத்தனை பேருந்து போயிற்று என்பவை எளிதில் கிடைக்கும் எண்கள். அவை அதிகம் சொல்வதில்லை. திடப்படுத்தல் பதிவேடு ஒவ்வொரு சேகரத்திலும் இருக்கிறது. ஐந்தாண்டுக்கு முந்தைய பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இப்போது எங்கே இருக்கிறார், எந்தச் சபையில் இராப்போஜனம் பெறுகிறார், அவரை அறிந்த பெரியவர் யார் என்று எழுதிப் பார்க்கலாம். நிரப்ப முடியாத வரிகளே அடுத்த ஆண்டின் வேலைத்திட்டம். ஓய்வுநாள் பள்ளியில் இந்த ஆண்டு புதிதாக வகுப்பெடுப்பவர்களில் எத்தனை பேர் இருபத்தைந்துக்குக் கீழ், சேகரக் கமிட்டியில் வாலிபர் யாராவது வாக்குரிமையோடு உட்கார்ந்திருக்கிறார்களா, வரவுசெலவுத் திட்டம் பற்றி அவர்களிடம் கருத்துக் கேட்டார்களா என்பவையும் அதே வகைக் கேள்விகள்.

பொறுப்பு கைமாறும்போதுதான் பெரும்பாலான குழுக்கள் உடைகின்றன. செயலருக்குக் கல்யாணமாகிறது அல்லது வெளிநாட்டு வேலை கிடைக்கிறது. அவர் போனதும் கூட்டம் இரண்டு மாதம் நின்றுபோகிறது. இதைத் தடுக்க, ஒவ்வொரு பொறுப்புக்கும் பக்கத்தில் ஓராண்டு இளையவர் ஒருவரை வைத்து, பொறுப்பாண்டின் கடைசி மூன்று மாதம் அவரையே கூட்டம் நடத்தச் செய்யலாம். பெயர், பிறந்தநாள், பெற்றோர் எண், கூட்டத்தில் படித்த பகுதிகள், வரவு செலவு, முகாம் ஏற்பாட்டில் நேர்ந்த பிழைகள் ஆகியவை எழுதிய நோட்டு ஒன்று ஆலயத்து அலமாரியில் இருக்க வேண்டும், செயலரின் வீட்டில் அல்ல. புதிய சேகரகுரு பொறுப்பேற்கும் முதல் வாரத்தில் அந்த நோட்டையும் திடப்படுத்தல் பதிவேட்டையும் சேர்த்து அவரிடம் கொடுப்பது ஆலோசகரின் கடமை.